பதினான்காம் கேள்வி

மூன்றாம் இலக்க மெஷின் சுற்றி முடிக்க
இருபத்தாறு நிமிடம்.
அதற்குள் ஒரு மாதிரித்தாள் செய்துவிடலாம்.
ஹோட்டல் துவாய்களின் சூட்டில்
புத்தகத்தின் பசை விட்டுப்போய்
விடைகள் உள்ள கடைசிப் பகுதி
தனியே கழன்று கையோடு வருகிறது.

இடைநிலைப் பள்ளிச் சான்றிதழ்.
பள்ளிக்குப் போகாதவர்களுக்கான பரீட்சை, மே மாதம்.
எனக்கு நாற்பத்து மூன்று.
கணக்கில் பயமில்லை.
சதவீதம் என்றால் கழிவு விலை,
வட்டி என்றால் சீட்டு.
ஒற்றை எண்ணாக வரும் விடையோடு
சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

ஜெர்மன் வாசிப்பில்தான் அது இருந்தது.

ஹெர் லிண்ட்னர் என்று ஒருவன்.
காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதம்.
கோப்பியை ஊற்றுகிறான், ஆறவிடுகிறான்.
கடிதத்தைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கிறான்.
ஜன்னலைத் திறக்கிறான், மூடுகிறான்.
கடைசியில் வேலைக்குப் போய்விடுகிறான்.
அவன் ஏன் கடிதத்தைத் திறக்கவில்லை?

அ. நேரமில்லை.
ஆ. அவனுக்கு வாசிக்கத் தெரியாது.
இ. உள்ளே இருப்பதற்குப் பயம்.
ஈ. கடிதம் அவனுக்கு வந்ததல்ல.

யோசிக்கவே இல்லை நான்.
ஆ-வைச் சுற்றி வட்டம் போட்ட பேனை
தாளைக் கிழித்துவிட்டது.

பக்கம் 212 சொல்கிறது: இ.
கீழே பொடி எழுத்தில்,
"ஆ பொருந்தாது. ஐந்தாம் வரியைப் பார்க்க."

பார்க்கவில்லை. கோபம்.
மஞ்சள் உறை வந்த நாளில்
அதைத் தூக்கிக்கொண்டு
வூப்பர்டாலில் கதவு கதவாய் ஏறி இறங்கியவளிடம்
இந்தப் புத்தகக்காரன் எதைக் காட்டப் போகிறான்?

வியாழன் மாலை வகுப்பில் வாதாடினேன்.
பக்கத்து மேசைத் திமிதார் சொன்னான்,
தான் போட்டது ஈ என்று:
அவன் வீட்டுப் பெட்டிக்கு வருவதெல்லாம்
முன்பு குடியிருந்தவனின் கடன் கடிதங்களாம்.
வகுப்பே சிரித்தது.
திருமதி ஹோல்ட்காம்ப் மட்டும் சிரிக்காமல்
என் தாளில் விரலை வைத்தார்.
ஐந்தாம் வரி.

"நேற்றைய செய்தித்தாளை
இரண்டாம் முறையும் வாசித்து முடித்தான்."

எல்லாச் சொல்லும் தெரிந்த வரி.
தெரிந்ததாலேயே தாண்டிப் போயிருக்கிறேன்.
வெளியே, ஆற்றுக்கு மேல்,
கூரையைப் பிடித்துத் தொங்கியபடி
ஒரு ரயில் போனது, வெளிச்சம் நிறைய.
அவனுக்கு வாசிக்கத் தெரியும்.
விளங்கிவிட்டது.
விளங்கியது லிண்ட்னரோடு நிற்கவில்லை.

அலுமாரிக்கு மேல் ஒரு சப்பாத்துப் பெட்டி.
மொழி தெரியாத காலத்துக் கடிதங்கள்
என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர்.
நானே வைத்த பெயர்.
ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பதன்
முத்திரையில் 2016.
மியூனிக், செஞ்சிலுவைச் சங்கம், தேடுதல் பிரிவு.

அந்த வருடம்
ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் நோயை
டொக்டருக்கு ஜெர்மனில் சொன்னவள் நான்.
தம்பியின் பெயர், பிறந்த திகதி,
கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த சேட்டின் நிறம்
எல்லாவற்றையும் அந்த விண்ணப்பத்தில்
ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்
நிரப்பி அனுப்பியவளும் நான்தான்.

ஆ பொருந்தாது.

பேனை வட்டம் அழியாது.
பக்கத்தில் சின்னதாய் இ என்று எழுதினேன்.
அரைப் புள்ளியாவது தருவார்களா என்று
திமிதார் கேட்டான்.

இன்று காலை ஐந்து மணி.
பெட்டியை இறக்கி, மேலே கிடந்ததை மட்டும் எடுத்து
சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
கோப்பி ஆறுகிறது.
லோன்றிக்கு முதல் ரயில் ஐந்து இருபதுக்கு.

கேள்வி பதினைந்து:
கடிதத்தில் என்ன எழுதியிருக்கும்?
நூறு சொற்களில் எழுதுக.

கழன்ற பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன்.
பதினைந்துக்கு நேரே ஒரே வரிதான்:
"விடை ஆளுக்கு ஆள் வேறுபடும்."