நூற்று அறுபத்தைந்து கிராம்

கிலோவில் வாங்கிவந்து
கோப்பையில் கேட்கிறவனிடம் கொடுப்பது
ஃபர்வானியாவில் என் பிழைப்பு.

ஷுவைக் சந்தை, விடிகாலை நாலு மணி.
தராசுக்காரன் என்னை நம்ப மாட்டான்
நான் தராசை நம்ப மாட்டேன்.
பெட்டியின் எடை, ஈரச் சாக்கின் எடை,
யேமன் மாம்பழக் காம்பில் உறைந்த பாலின் எடை
எல்லாம் கழித்த பிறகே
பையிலிருந்து தினார் வெளியே வரும்.

சமையற்கட்டில் சவரிராயன்.
மடாம் நுஹா எழுதிக்கொடுத்த தாளை
மாவுக் கையோடு அவன்தான் வாசிப்பான்:
மாம்பழம், நறுக்கியது, மூன்று கோப்பை.
பேரீச்சை, கொட்டை நீக்கியது, இரண்டு.
மாதுளை முத்து முக்கால்.

முக்கால் கோப்பைக்கு
எத்தனை மாதுளை வாங்கணும்டா?
மாதுளையைக் கேள் என்பான்.

கேட்டேன்.
ஓய்வு நாளில் ஒவ்வொன்றாய் உரித்து
கோப்பையில் கொட்டி
கோப்பையைத் தராசில் ஏற்றி
கோப்பையின் எடையைக் கழித்து
குளிர்பெட்டிக் கதவில் மார்க்கரால் எழுதினேன்.
மாம்பழம் நூற்று அறுபத்தைந்து.
மாதுளை முத்து நூற்று எழுபத்தைந்து.
ஸ்ட்ராபெரி முழுசாய் நூற்று நாற்பத்தைந்து,
அரைத்தால் இருநூற்று முப்பது.
அதே கோப்பைதான்.
இடையில் இருந்த காற்று எங்கே போயிற்று
என்று அதற்குக் கீழே எழுத இடமில்லை.

ஒரு வியாழக்கிழமை
நாற்பது கேக். கல்யாண வீடு, ஜஹ்ரா.
நாற்பதை மூன்றால் பெருக்கி
நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி
தெளிவாய் இருபது கிலோ இறக்கினேன்.
தோலுக்கும் கொட்டைக்கும் கணக்கு விட்டுப்போச்சு.

உரித்து முடித்தபோது பதின்மூன்று கிலோ.
எழுபத்தெட்டுக் கோப்பை.
ஈரமான கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு
சவரிராயன் என்னைப் பார்த்த பார்வையை
எந்தத் தராசிலும் வைக்க முடியாது.

பிறகு அவன் கத்தியை மாற்றினான்.
துண்டுகளைப் பெரிசாக்கினான்.
பெரிய துண்டு ஒன்றோடொன்று ஒட்டாது,
முழங்கை முட்டி நிற்கும்,
கோப்பை சீக்கிரம் நிறையும்.
நூற்று நாற்பது கிராமில் நிறைந்தது.

இது ஏமாத்து இல்லையா?
கோப்பைன்னு எழுதினது அவங்க,
காற்றை எடுத்துடுன்னு எழுதலையே.

தொண்ணூற்றிரண்டு வரை இழுத்தான். அப்புறம் முடியவில்லை.
மிச்சம் இருபத்தெட்டுக் கோப்பைக்கு
இரவு பதினொன்றரைக்கு
ஆறு கிலோ, பக்காலாவில், சில்லறை விலைக்கு
என் காசில் வாங்கினேன்.
இந்தமுறை தோலோடும் கொட்டையோடும் கணக்குப் போட்டேன்.
வெளியே நாற்பத்தோரு டிகிரி.
பழம் தோளில் கனத்தது
அதற்கு எந்த அட்டவணையும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மடாம் நுஹா சொன்னாளாம்:
துண்டு பெரிசா இருந்தது,
எல்லாரும் கேட்டாங்க,
இனி எப்பவும் அப்படியே.

அறைக்கு வந்தோம்.
எட்டுக் கட்டில், ஒரு சன்னல்.
வாடகை வாங்குகிறவன் தலையை எண்ணுவான்,
எடை பார்ப்பதில்லை.
உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா என்பார்கள்;
எங்கள் உழக்கின் கூரையில்
ஜெய்லானி தொழுவதற்காக
தென்மேற்கைக் காட்டும் அம்பு ஒன்று ஒட்டியிருக்கிறது.
அம்புக்குக் கீழே அந்தோணியார் படம்.
அதற்கும் கீழே என் தலையணை.

குளிர்பெட்டிக் கதவில் கடைசி வரியாய்
யாரோ புதிதாய் எழுதியிருந்தார்கள்:
ஆள், எட்டு, ஒரு அறை (நறுக்காமல்).
கையெழுத்து சவரிராயனுடையது மாதிரி இருந்தது.
அவனுக்குத்தான் எண்ணே பிடிக்காதே.

விளக்கணைத்த பிறகு மேல்கட்டிலிலிருந்து குரல்:
வாழைப்பழம், மசிச்சது?
இருநூற்று இருபத்தைந்து.
அதுல காற்று?
கிடையாது.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு கட்டில் கிறீச்சிட்டது.
எனக்குத் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு
அவன் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான்.