ஒன்பது கேசரம்

வீடு மாறிப் போன அன்று ஃபஸ்மினா
என் கதவடியில் வைத்துவிட்டுப் போன தயிர்ச்சட்டியில்
ஓர் ஐஸ்கிரீம் குச்சி நட்டிருந்தது.
பெயர் எழுதியிருப்பாள்.
வைகாசி மழை அதை எனக்கு முன்னால் வாசித்துவிட்டு
நீலக் கறையை மட்டும் மிச்சம் வைத்தது.

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி. கடலைப் பார்த்த பல்கனி.
மாத்தறை ரயில் போகும்போதெல்லாம்
சட்டிகள் ஒரு நூல் தெற்கே நகரும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வடக்கே தள்ளி வைப்பேன்.

ஊறிய பயறு போல இலை.
வெயில் பட்ட பக்கம் மட்டும்
யாரோ கிள்ளியது மாதிரிச் சிவப்பு.

பத்தரமுல்லைச் செடிக்கடைக்காரர் படத்தைப் பார்த்து
"சக்கியுலன்ட், மிஸ். நுவரெலியாச் சாமான்" என்றார்.
அது குடும்பப் பெயர் கூட இல்லை,
"மனுசன்" என்று சொல்வது மாதிரி.
கைபேசி எண்பது வீதம் க்ரசுலா என்றது.
மறுநாள் மப்பு மந்தாரத்தில் அதே இலையைக் காட்ட
எழுபது வீதம் கலஞ்சோ.
லாபில் என் பக்கத்து மேசை தர்ஷாயினி
"கட்டிப்போட்டால் குட்டி போடும்" என்றாள்.
அதில் இலை விளிம்பில் குட்டி வரும்.
இது இலையையே உதறிவிடும்;
விழுந்த இலை, மண்ணும் கேட்காமல்,
சீமெந்துத் தரையில் கிடந்தபடி
ரோஜா நிறத்தில் ஒரு வேர் விடும்.

ஏழு தயிர்ச்சட்டி தின்று முடித்தேன், செடிக்காக.
கொங்கிரீட் ஆணியால் அடியில் ஓட்டை போட்டதில்
இரண்டு பிளந்தன.
முதலில் தும்புத்தூள். அது ஈரத்தை விடவேயில்லை.
தண்டு கறுத்து, தொட்டால் ஜெலி.
பிறகு ஆற்று மணல், செங்கல் நொறுக்கு,
கொஞ்சமே கொஞ்சம் மண்.
தண்ணீர் ஊற்றாமலிருக்கக் கற்றது
தண்ணீர் ஊற்றக் கற்றதைவிடக் கஷ்டம்.
அதற்குள் தென்மேல் காற்று வந்துவிடும்,
நான் ஊற்றாததை எல்லாம் அது ஊற்றும், உப்புப் போட்டு.

நான்கு செத்தன. ஒன்று நின்றது.

மாசியில், மழை விட்ட ஒரு கிழமைக்குப் பிறகு
நுனியில் மஞ்சளாய் ஏதோ.
பூச்சி என்று நினைத்துத் தட்டப் போனேன்.
பூ.

இனிக் கேள்வி சுலபம்.
இதழ் ஐந்து. அது சரி.
கேசரமும் ஐந்து என்றால் க்ரசுலா.
பத்து என்றால் செடம்.
நாள் முழுக்க ஊராரின் வெண்குருதித் துணிக்கைகளை
நூறு நூறாய் எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
வில்லையைக் கண்ணில் வைத்தேன். மூச்சைப் பிடித்தேன்.

ஒன்பது.

மறுபடி. ஒன்பது.
ஒன்பது என்று ஒரு சாதியும் கிடையாது.
ஒரு கட்டெறும்பு சட்டி விளிம்பில்
அலுவலாய் நடந்துகொண்டிருந்தது.
அதைச் சந்தேகித்தேன். ரயிலைச் சந்தேகித்தேன்.
என் மூச்சையும்தான்.

இரண்டாம் பூ வியாழன் காலை விரிந்தது.
பத்து.
வேலைக்குப் பிந்திப் போனேன். காரணம் சொல்லவில்லை.

இறங்கும்போது காவலாளி சோமதாசவிடம்
உதிர்ந்த இலை ஒன்றைக் காட்டினேன்.
வருவோர் போவோர் எல்லாரையும்
கோடு போட்ட கொப்பியில் எழுதி வைக்கிறவர்.
"பேர் என்ன?"
"செடம்."
பேனை மூடியைத் திறந்தபடி, பழக்கத்தில்,
"முழுப் பேர்?" என்றார்.

நானூறுக்கு மேல் இருக்கிறதாம்.
இன்னும் தெரியாது, எழுத வேண்டாம் என்றேன்.
அவர் மூடியை மூடி
இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்,
பஸ் டிக்கட்டுகளுக்கு நடுவே.
அங்கேயும் அது வேர் விடும்,
சட்டையைத் துவைக்காவிட்டால்.