கார ஓதம்

அரிசிக் குறுணை போல ஐந்து துணுக்கு,
ஃபார்மலின் புட்டியின் அடியில்.
சீட்டில் பெயர் பாதிதான்: சிவனணை.
மிச்சத்தைக் கம்ப்யூட்டர் விழுங்கியிருந்தது.
வயது முப்பத்தேழு. சாரம் கட்டுபவர்.
ஜுபைலுக்கு ஷட்டவுன் வேலைக்கு வந்தவர்.
எரிச்சல், ஆறு மாதமாய்.

தமிழில் வயிற்றெரிச்சல் என்றால்
அடுத்தவன் வீட்டு மாடியை அண்ணாந்து பார்ப்பது என்று
டாக்டர் அவாதிஃபிடம் நான் சொன்னதில்லை.
சூடானில் அதற்கு என்ன சொல்வார்களோ.

இரவெல்லாம் மெழுகு குடித்துக் கெட்டியானதை
விடிகாலையில் சீவினேன்.
தலைமுடியை நீளவாக்கில் இருபதாய்ப் பிளந்தால்
அதில் ஒன்றின் கனம்.
வெந்நீரில் ரிப்பனாய் மிதந்தது.
மூச்சை அடக்கிக் கண்ணாடியில் ஏந்தினேன்.
ஊதாவில் ஒரு முழுக்கு, ரோஜா நிறத்தில் ஒன்று.

எண்சாண் உடம்பில் ஒரு சாண் என்கிறோம்.
என் முன்னே இருப்பதோ எறும்புத் தலையளவு.
அதற்குள் ஒரு ஊரே கிணறு தோண்டி வைத்திருக்கிறது.

மேல்விளிம்பில் சளி சுரப்பவை,
தோளோடு தோள் நின்று சுவருக்கு வழவழவென்று பூசுபவை.
அவற்றின் இகாமா ஐந்து நாள்.
உதிரும்; கீழே கழுத்திலிருந்து
அடுத்தது ஏறிவந்து அதே இடத்தில் நிற்கும்.

கிணற்றின் அடியில் நீலம் பாரித்தவை
கத்தியை உறையோடு செய்து அனுப்புகின்றன.
உறையை உருவுவது அமிலத்தின் வேலை.
செய்த இடத்திலேயே உருவினால்
செய்தவன் கைதான் முதலில் போகும்.

நடுவில்,
பொரித்த முட்டை போல ரோஜா நிறத்தில் உப்பியவை.
எனக்குப் பிடித்தவை இவைதான்.
இரத்தத்து உப்பில் பாதியை உருவி
ஒரு வாசலில் அமிலம் ஊற்றுகின்றன,
மறுவாசலில் காரத்தை இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன.
சாப்பாட்டுக்குப் பின் சற்று நேரம்
இரத்தம் காரமேறி ஓடும். மிளகாய்க் காரம் இல்லை.
படிக்கும்போது நோட்டில்
கார ஓதம் என்று எழுதிவைத்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், கடல்நீர் ஆலை.
அதுவும் பிரிக்கிறது:
நமக்குத் தண்ணீர், கடலுக்கே கூடுதல் உப்பு.

இவற்றை எழுப்ப வாசனை போதும்.
கேம்ப் மெஸ்ஸில் விடிகாலை மூன்றுக்கு வடித்த சோறு
பன்னிரண்டுக்குத்தான் திறக்கும்.
எட்டு மணிக்கே பக்கத்தில் எவனோ
ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்திருப்பான்.
சுரந்துவிடும்.
சுரந்தபின் திரும்ப எடுத்துக்கொள்ள
அந்த செல்லுக்கு வழி கிடையாது.

நான்காவது துணுக்கில் விளிம்பே இல்லை.
பூச்சு உதிர்ந்த சுவர்.
முழங்கால் வலிக்குத் தினம் இரண்டு மாத்திரை என்று
சீட்டின் பின்பக்கம் யாரோ கிறுக்கியிருந்தார்கள்.
வலியை நிறுத்தும் அதே மாத்திரை
பூசுகிறவர்களையும் வேலையிலிருந்து நிறுத்துகிறது.

ஜீம்சா சாயத்தில் அவையும் தெரிந்தன:
சளிக்குள் வளைந்து வளைந்து நீலக் காற்புள்ளிகள்,
யாரிடமும் அனுமதி வாங்காமல் குடியேறியவை.

டாக்டர் அவாதிஃப் வெகுநேரம் குனிந்திருந்தார்.
கம்பெனிக்காரன் காலையிலிருந்து மூன்று போன்.
அவனுக்கு ஒரே சொல் போதும், ஃபிட் அல்லது அன்ஃபிட்.
அவர் தட்டியது நான்கு வரி.
புற்று இல்லை.
கிருமி உண்டு.
அரிப்பு உண்டு.
வலிமாத்திரை நிறுத்தவும்.
முழங்காலைப் பற்றி எழுத
எங்கள் துறையில் இடமில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து தமிழில் இருந்தது,
கால் எல்லாம் நீட்டி: சிவனணைந்தான்.
ஸ்லைடின் ஓரத்தில், எண்ணுக்குப் பக்கத்தில்,
பென்சிலில் முழுதாய் எழுதினேன்.
மை என்றால் ஆல்கஹாலில் போய்விடும்.

எதிர் மேசையில் யாரோ டிஃபின் திறந்தார்கள்.
பருப்பு. தாளித்த பூண்டு.
எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
சுரந்துவிட்டது.