மூன்று வாரத்துக்கு ஒன்று

தண்டையார்பேட்டை கிளினிக்கில்
இடுப்புக்குக் கீழே ஊசி.
எண்ணெய் மருந்து, மெதுவாகத்தான் இறங்கும்.

நாற்பத்தெட்டு வயசில்
முதுகெல்லாம் பரு.
லெனினின் களிம்பை
அவனுக்குத் தெரியாமல் பிதுக்குகிறேன்.
நசுங்கிய ட்யூபைப் பார்ப்பான்,
அப்பனிடம் ஒன்றும் கேட்கமாட்டான்.

ஹார்பரில் கிரேன் ஏணி
இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறேன்.
ரத்தம்தான் கெட்டியாகிவிட்டதாம்.
ஸ்டான்லியில் ஒரு பை இறக்கினார்கள்.
இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
"யாருக்கும்மா போகும்?"
"யாருக்கும் இல்லண்ணா, கொட்டிடுவோம்."

ராத்திரி
என் கணுக்கால் வீக்கத்தில்
கட்டைவிரலை அழுத்தி
குழி மூடும்வரை எண்ணினாள் கோமளா.
ஏழு.
போன தடவை ஐந்து.

ஊசிக்கு முந்தைய நாலு வருஷம்
அவள் என் காலைக்கூடத் தொட்டதில்லை.
நானும்
சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன்.