என்ன விழுந்தது

மஞ்சள் சிலிண்டரைக் கைப்பிள்ளைபோல் இடுப்பில் ஏற்றிக்கொண்டு
காரைக்குடி தீயணைப்பு நிலையத்துக்குள் வந்தார் உமையாள் ஆச்சி.
முப்பத்தைந்து வயதிருக்கும்.
பாண்டிச்சேரியில் வாடகைக்கு எடுத்ததாம், வழியில் கசிந்துவிட்டதாம்.
"இதுக்குக் காத்து அடிச்சுத் தருவீங்களா?"

எங்கள் காற்று புகைக்கானது.
ஒவ்வொரு நிரப்பலுக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும்:
எந்த ஊர், எத்தனை மணிக்கு அழைப்பு, எத்தனை பேர்.
எதுக்கு என்றேன்.
பள்ளத்தூர் ஊருணியில் இறங்க என்றார்.

பேனாவைத் திறந்துவிட்டேன்.
"என்ன விழுந்துச்சு?"
"ஒண்ணும் விழலையே."
"யாராவது..."
"அய்யய்யோ, இல்லை. சும்மா. பார்க்கத்தான்."

பதினெட்டு வருஷ சர்வீஸ்.
அந்தக் கட்டத்தில் யாரும் இதுவரை
சும்மா என்று எழுதியதில்லை.

நானும் இறங்குகிறவன்தான்.
சென்னையில் பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ்.
எங்கள் தண்ணீரில் கண்ணுக்கு வேலை கிடையாது,
கைதான் பார்க்கும்:
சேறு, படித்துறைக் கல், பாசி, ஒற்றைச் செருப்பு,
பிறகு தலைமுடி.
முடி தட்டுப்பட்டால் கயிற்றை மூன்று முறை இழுக்க வேண்டும்.
மேலே அழுகை தொடங்குவது
தண்ணீர் வழியாகவே கேட்டுவிடும்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
டீ சொன்னேன்.

அடிலெய்டிலிருந்து நாலு மணி நேரமாம், வையாலா என்றோர் ஊர்.
நமக்கு ஆனி, அவர்களுக்கு நடுக்குளிர்.
செல்போனில் ஒரு பாறை அசைந்தது.
பாறையில்லை, கணவாய். என் கை நீளம்.

ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் சாயம் ஊற்றுவார்களே,
அந்தச் சாயம் காய மறுத்துப்
பூவாகி வரியாகி மறுபடி வெறும் பழுப்பாகி
மூச்சுக்கு ஒரு தரை மாற்றினால் எப்படி இருக்கும்,
அப்படி ஓடியது அதன் தோல்.

சின்ன ஆண் ஒன்று கைகளை மடக்கிப் பெண் வேஷம் கட்டி
பெரிய ஆணின் காவலைத் தாண்டி நழுவியது.
"கள்ளப்பய" என்றார் டிரைவர் ஆரோக்கியசாமி
என் தோளுக்கு மேலிருந்து.

மூச்சை அடக்கக் கூடாதாம்.
கொஞ்சம் நிறைந்தால் உடம்பு ஏறும், கொஞ்சம் குறைந்தால் இறங்கும்,
நடுவில் ஓர் இடம் உண்டு, எடையே இல்லாத இடம்.
"அங்க நின்னுட்டா
அதுவா வந்து உங்களைப் பார்க்கும்."

முட்டையிட்டதும் எல்லாம் செத்துப்போகுமாம்,
ஓடு மட்டும் வெள்ளையாய்க் கரை ஒதுங்குமாம்.
படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது:
கடல்நுரை.
என் வீட்டுக் கூண்டுக் கம்பியில் கட்டிவைத்து
லவ் பேர்ட்ஸ் கொத்துகிற அதே கடல்நுரை,
கொப்புடையம்மன் கோயில் பக்கத்துக் கடையில் இருபது ரூபாய்.
நுரை என்றால் நுரை என்றே நினைத்திருந்தேன்.
அதைப் போர்த்திக்கொண்டு ஒரு உயிர் இருந்ததை
யாரும் சொல்லவில்லை.

காற்று தரவில்லை. விதி.
அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை.
"நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று போய்விட்டார்,
டீ கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டு.

ஆனியில் கானாடுகாத்தானிலிருந்து அழைப்பு.
பதினோரு பங்காளிக்கும் பொதுவான சாவிக்கொத்து,
சாண் நீளச் சாவி உட்பட,
வாளியோடு கிணற்றுக்குள்.
பெரிய இடத்து போன், ஆகவே நான்.

உச்சி வெயில் நேராக அடிவரை இறங்கியிருந்தது.
நாலாவது நிமிஷம் இரும்பு கையில் தட்டியது.
இடுப்பில் செருகினேன்.
ஏறியிருக்கலாம்.

மூச்சைப் பாதி விட்டேன்.
கால் தரையை மறந்தது.

கல் இடுக்கிலிருந்து ஒரு விரால் வந்தது.
அதற்கு மேலே, வெயில் படும் இடத்தில்
செம்புப்பொடி தூவினதுபோல் அதன் குஞ்சுகள்.
வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி
என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று
இவன் யாரைத் தேடி வந்தவன் என்று பார்த்தது.

மேலிருந்து கயிறு ஒரு முறை இழுபட்டது.
ஆரோக்கியசாமிதான்:
கிடைச்சுதா?

சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.
இரண்டு முறை இழுத்தேன்.
இன்னும் தேடுறேன்.