வானம் பார்த்த பிள்ளை

பதினொன்றரை மணிக்குக் கைவிட்டுப் பார்த்தேன்.
எட்டு சென்டிமீட்டர்.
மூன்று முனை உச்சிக்குழி இருக்கவேண்டிய இடத்தில்
நாலு முனை,
சின்னப் பட்டம் போல, மெத்தென்று,
விரலுக்கடியில் துடித்தது.
கண்ணை மூடி இன்னொரு முறை தடவினேன்.
அதேதான்.
தலை கீழே. முகம் மேலே.

வானம் பார்த்த பூமி கேள்விப்பட்டிருக்கிறேன்.
இது வானம் பார்த்த பிள்ளை.

"தலை கீழதானே இருக்கு மிஸ்ஸி, பிறகென்ன?"
கேட்டவன் புருஷன், கிருபாகரன்.
பட்டர்வொர்த்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறான்.
சாவி சரியான சாவிதான் தம்பி,
பல்லுதான் மறுபக்கம் பார்க்குது.
யோசித்தான்.
"ரிவர்ஸ் எடுத்து ஒடிக்க முடியாதா?"

குமுதாவுக்கு வயிற்றில் வலியே இல்லை.
எல்லாம் முதுகில்.
பிள்ளையின் முதுகெலும்பும் அவள் முதுகெலும்பும்
ஒன்றையொன்று அரைத்துக்கொண்டிருந்தன.
பாயான் லெப்பாஸில் எட்டு வருஷம்
நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவள்,
முடியைவிட மெல்லிய கம்பியில்
பிழை கண்டுபிடிக்கிறவள்,
வலி ஓய்ந்த இடைவெளியில் கேட்டாள்:
"என் பிள்ளை ரிஜெக்ட் பீசா, மிஸ்ஸி?"

டாக்டர் கூ கதவோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒரு மணி நேரம், என்றார்.
தியேட்டரும் காலியில்லை.
வட்டிக்கு வாங்குகிறவள் மாதிரி
அந்த ஒரு மணியை வாங்கிக்கொண்டேன்.

முட்டி போடச் சொன்னேன், கையை ஊன்றி.
பிள்ளையிடம் முதுகுதான் கனம்,
கனம் தொங்கட்டும், தானாய்க் கீழே வரட்டும்.
சிஸ்டர் ரொஹைடா லாக்கரிலிருந்து
தன் பாத்தேக் சாரோங்கைக் கொண்டுவந்தாள்,
வயிற்றுக்கடியில் விரித்து, இரு முனையும் பிடித்து,
அரிசி புடைப்பதைவிட மெதுவாக ஆட்டினாள்.
"பூசிங், சாயாங், பூசிங் சிக்கிட்."
நான், திரும்புடா, என்றேன்.
ஆணா பெண்ணா தெரியாது,
எனக்கு எல்லாருமே டாதான்.
டாக்டர் கூ ஹொக்கியனில் ஏதோ முனகினார்,
பிள்ளைக்கா தியேட்டருக்கா, கேட்கவில்லை.

வலது காலை ஸ்டூலில் வை, சாய்ந்து நில்.
இப்போ இடது.
ஒருக்களித்துப் படு.
எழுந்திரு.
என் அம்மாவைத் திட்டினாள்,
பிறகு கிருபாகரனின் அம்மாவை,
அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.
வலி ஏறும்போதெல்லாம்
இரண்டு உள்ளங்கையும் அவள் இடுப்படியில் பதித்து
சுவரைத் தள்ளுகிறவள் போல் தள்ளினேன்.
ஜன்னலில் மலை விளக்குகள்
மழையில் ஒவ்வொன்றாய்ப் போயின.

ஒரு மணி முடிந்தது.
துடிப்பு நன்றாக இருக்கிறது, என்றேன்.
இன்னும் அரை மணி.

முழுதாய்த் திறந்திருந்தாள்.
விரல்களை உள்ளே அனுப்பி, பக்கவாட்டில் பிடித்து,
வலியோடு சேர்ந்து திருப்பினேன்.
வந்தது. கொஞ்சம்.
வலி இறங்கியதும் பழைய இடத்துக்கே போய்விட்டது,
தூக்கத்தில் போர்வையை இழுத்துக்கொள்கிறவர் மாதிரி.
இன்னொரு முறை.
இன்னொரு முறை போர்வை.

பிறகு விட்டுவிட்டேன்.
விட்டேன் என்று ஃபைலில் எழுத இடமில்லை.
அவள் முழங்காலைத் தாங்கி, கையை எடுத்துக்கொண்டு,
இடம் மட்டும் கொடுத்தேன்.

ஒன்று இருபதுக்கு
முடி, நெற்றி,
பின்னந்தலை கீழ்ப்பக்கமாய் வழுக்கி வெளியே வர
புருவம், மூக்கு, வாய்.
இருபத்திரண்டு வருஷமாய்
முதலில் பிடரியைத்தான் பார்த்திருக்கிறேன்.
எத்தனையோ பிடரிகள்.
இன்று கண்.
பாதி உடம்பு இன்னும் உள்ளே இருக்க
இரண்டும் திறந்து மேலே பார்த்தது.
மேலே வானம் ஏது?
உள்ளே பூச்சி செத்துக் கிடக்கும் குழல்விளக்கு.
அதையே பார்த்தது, விலை விசாரிப்பது போல.

பெண். மூன்று கிலோ நானூறு.
நீண்டுபோன தலை, நாளைக்குள் வட்டமாகிவிடும்.
குமுதா அழவில்லை.
காது மடிப்பு, இமை, நகம்,
பத்து நகமும், தனித்தனியாய்,
விளக்கை நோக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நெடுநேரம் கழித்து, "பாஸ்," என்றாள்.

ரொஹைடா சாரோங்கைத் துவைக்கப் போட்டாள்.
நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.
மணிக்கட்டு மரத்திருந்தது,
போத்தல் மூடி திரும்பவில்லை.
கிருபாகரன் பேசாமல் வாங்கித்
திருகிக் கொடுத்தான்.