மறுவேலை மேசை

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
பதினாலு வருஷமாய் எனக்கு ஒரே வேலை.
பெல்ட்டில் வரும் ஜோடியைத் தூக்கிப் பார்ப்பேன்.
தையல் விலகியிருந்தால், பசை பிதுங்கியிருந்தால்
சாக்பீஸால் ஒரு சுழி போட்டு
இடது பக்கம் தள்ளுவேன்.
அங்கே மறுவேலை மேசை.
அஞ்சலையும் குல்சாரும் பிரித்து, திரும்பத் தைத்து
மறுபடி பெல்ட்டில் விடுவார்கள்.
கப்பல் ஏறும் பெட்டியில்
எது முதல் தடவையே தேறியது, எது இரண்டாம் தடவை
எந்தத் துரைக்கும் தெரியாது.

எப்சிபாவுக்குக் கணக்கில் நாற்பத்தொன்று.
மார்க் ஷீட்டை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள்.
நான் அரிசி எடுக்கமாட்டேனா என்ன.

மே மாதம். கத்திரி.
சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு சொல்லி
காலேஜ் காலேஜாய் ஏறி இறங்கினோம்.

காட்பாடி ரோட்டில் முதல் காலேஜ்.
வாசலில் ஆளுயர பேனர்,
வேலை கிடைத்த பிள்ளைகள் அதில்
பாஸ்போர்ட் சைஸில் சிரிக்கிறார்கள்.
ஏசி ரூமில் உட்காரவைத்து ரோஸ்மில்க் கொடுத்தார்கள்.
நீச்சல்குளம் காட்டினார்கள்.
"பாடம் புரியலைன்னா யாருகிட்ட போவா?" என்றேன்.
டை கட்டிய தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தான்.
கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை போல.
"எங்க பஸ் சோளிங்கர் வரைக்கும் வருதும்மா" என்றான்.

ஆற்காட்டைத் தாண்டி இரண்டாவது.
அங்கே பதில் இருந்தது.
'கற்றல் உதவி மையம்' என்று பித்தளையில் பலகையே இருந்தது.
கதவில் பூட்டு.
சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்:
பன்னிரண்டு நாற்காலி,
ஒன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
வேலூரைக் கேலி பேசுவார்கள்.
அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் வரும்போது
எப்சிபா சொன்னாள்:
"போற எடத்துல எல்லாம் அதையே கேக்காதம்மா.
நான் மக்குன்னு நீயே போர்டு மாட்டுற மாதிரி இருக்கு."
கீழே மணலில் கருவேலம்.
நான் ஒன்றும் பேசவில்லை.
வேலை விட்டு வந்தாலும், கை கழுவினாலும்
என் விரலிடுக்கில் சாக்பீஸ் தூள் இருக்கும்.

மூன்றாவதில் நான் கேட்கவில்லை.
கேட்க ஆளும் இல்லை.
சைதாப்பேட்டைப் பக்கம், மலையடிவாரத்தில்
காரை பெயர்ந்த கட்டிடம்.
"ஆபீஸ் மூணு மணிக்கே மூடியாச்சு,
நாளைக்கு வாங்க" என்றார் வாட்ச்மேன்.
தண்ணீர் குடிக்க மட்டும் உள்ளே விட்டார்.

வராந்தாக் கடைசியில் ஒரு அறை திறந்திருந்தது.
மணி நாலே முக்கால்.
அழுத முகத்தோடு ஒரு பெண்,
போர்டில் கணக்குப் போட்டபடி சீனியர் பையன்,
மூலையில் ஒரு மேடம்
மத்தியானத்து எலுமிச்சை சோற்றை
இப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
"அவசரமில்ல. முதல் வரியில இருந்து வா."
இது அந்தப் பெண்ணுக்கு.
எங்களுக்கு, "உட்காருங்க."
யார் என்று கேட்கவில்லை.

பழக்கம், நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன்.
பிரம்பு தொய்ந்திருந்தது.
கைப்பிடியில் வார்னிஷ் போய் மரம் வழவழத்தது.
பின் சுவரில் வரிசையாய்
தலை சாய்த்த எண்ணெய்க் கறை.

எப்சிபா உட்காரவில்லை.
போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
அப்புறம், எனக்கே கேட்காத குரலில்,
"அண்ணா, மூணாவது வரியில மைனஸ் விட்டுட்டீங்க."

பையன் திரும்பினான்.
வரியை விரலால் தடவிக்கொண்டே வந்தான்.
"ஐயோ, ஆமா."
உள்ளங்கையாலேயே அழித்தான்.
அழுத பெண் சிரித்துவிட்டாள்.
"நீயே போடு" என்று
சாக்பீஸை எப்சிபாவிடம் நீட்டினான்.

ஐந்து இருபது பஸ் போயிருக்கும்.
ஃபீஸ் எவ்வளவென்று கேட்க
நாளைக்கும் லீவு போடவேண்டும்.